எந்த பிராக்ஸியை நம்புவது?

2018 மே 22 அன்று ஸ்டெர்லைட்டுக்கு எதிராகத் தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன மக்கள் மீது காவல்துறை சுட்டது. மறுநாளும் சுட்டது. 13 பேர் கொல்லப்பட்டார்கள். அரசு அடுத்துச் செய்தது என்ன? தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தைத் துண்டித்தது. நெல்லை சாலையில் உள்ள புதுக்கோட்டையில் இருப்பவர், பக்கத்து நகரத்து மருத்துவமனையில் யார் கிடக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்க வழியில்லை.

அதிலிருந்து, "நல்ல பிராக்ஸி எது தோழர்?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிராக்ஸி ஒரு சுற்றுவழி. வாட்ஸ்அப்பையோ சிக்னலையோ மட்டும் தடுத்தால் அது உதவும். 2018 போல இணைப்பையே பிடுங்கிவிட்டால் எந்த பிராக்ஸியும் வேலை செய்யாது. அப்போதைக்குக் குறுஞ்செய்தியும் தொலைபேசி அழைப்பும்தான். ஆகவே எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். இணையமே இல்லாமல் புளூடூத்தில் இயங்கும் பிரையர் செயலியை, பயங்கரவாதத்தைக் காரணம் காட்டி 2023 மே மாதம் ஒன்றிய அரசு முடக்கியது. தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை.

சரி, சுற்றுவழி உதவும் இடத்தில் எதைத் தேர்வது? வேகத்தைப் பார்க்காதீர்கள், நடத்துபவரைப் பாருங்கள். ஒனாவோ என்ற இலவச வி.பி.என். செயலியை ஃபேஸ்புக் 2013இல் வாங்கி, மக்கள் எந்தெந்தச் செயலியைப் பயன்படுத்துகிறார்கள் என்று அதன் வழியே வேவு பார்த்தது. 2022இல் செர்ட்-இன், வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு சேமிக்க வேண்டும் என்றது. அதை ஏற்காத சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்து தங்கள் சர்வர்களை எடுத்துச் சென்றன. விவரத்தைச் சேமிக்கச் சம்மதித்த நிறுவனம் உங்களுக்கு எதற்கு?

2023 ஜனவரியிலிருந்து வாட்ஸ்அப்பிலேயே பிராக்ஸி வசதி உண்டு. சிக்னலில் அதற்கும் முன்பே வந்துவிட்டது. நடத்துபவருக்கு உங்கள் ஐ.பி. முகவரி தெரியும், செய்தியின் உள்ளடக்கம் தெரியாது. வெளிநாட்டிலுள்ள நம்பகமான தோழர் ஒருவர் சிறு சர்வரில் இதை அமைத்துத் தரலாம். வன்கொடுமை வழக்கின் சாட்சிகள் இருக்கும் குழு என்றால் ஐ.பி. முகவரியே பெரிய தகவல். அப்படிப்பட்ட போனை ஊர் மொபைல் கடையில் நீட்டி, "ஏதாவது ஒரு வி.பி.என். போட்டுத் தாங்கண்ணே" என்று கேட்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கடை யாருடையது, அவர் யாருக்கு வேண்டியவர் என்பது ஊருக்கே தெரியும்.

பிராக்ஸி முகவரியைக் குழுவில் போடாமல் நேரில் கொடுங்கள். தடை வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே போட்டுப் பாருங்கள்.