ஆராய்ச்சியாளரும் முன்படி வெளியீடும்

ஆராய்ச்சியாளர் தாம் எழுதும் கட்டுரை முற்றத் திருந்துமுன் அதன் முன்படியைப் பலரறிய வெளியிடலாமோ என்பது அறிஞரிடை நிகழும் வழக்கு. கூரை வேயாத வீட்டை ஊரார்க்குக் காட்டுவாருண்டோ என்பர் ஒருசாரார். கோணற் சுவரைக் கூரை வேய்ந்தபின் இடிப்பதினும் வேயுமுன் இடித்தல் எளிதன்றோ என்பது எம் விடை.

நம் முன்னோர் நூலியற்றியபின் அதனை அவையத்து அரங்கேற்றி, ஆங்குள்ளார் எழுப்பிய தடைகட்கு விடையிறுத்தனர். தொல்காப்பியமும் அதங்கோட்டாசிரியர் முன்னிலையில் பாண்டியன் அவையில் அரங்கேறியதென அதன் பாயிரம் கூறும். அரங்கேற்றம் முடிந்த நூலுக்கே உரியதாயினும், பிறர் தடை கேட்டலும் விடை கூறலும் புலமைக்கு இழிவல்ல என்னும் கொள்கை அதனுட் பொதிந்து கிடக்கின்றது.

முன்படியை மறைத்து வைத்தலால் வரும் இடர்க்கு டார்வின் வரலாறு சான்றாகும். அவர் தம் இயற்கைத் தேர்வுக் கொள்கையை 1842-ஆம் ஆண்டிற் சுருக்கமாகவும் 1844-ஆம் ஆண்டில் விரிவாகவும் எழுதியும் அச்சேற்றாதிருந்தார். 1858-ஆம் ஆண்டில் வாலேஸ் என்பார் மலாய்த் தீவுகளினின்று விடுத்த கட்டுரையில் அக்கொள்கையையே கண்டு திகைத்தார். அவ்வாண்டு ஜூலை 1-ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் ஒருங்கே படிக்கப்பெற்றன. 1844-ஆம் ஆண்டுப் படியை நண்பர் ஹூக்கர் முன்னரே படித்திருந்தமையால் டார்வினுடைய முதன்மைக்குச் சான்று கிடைத்தது. அத்தகைய நண்பரைப் பெறாத இளைஞர் என் செய்வர்? தேதியிட்டுப் பலரறிய வைத்த முன்படியே அவர்க்கு உரிமைப் பத்திரம். ஆதலின், வெளியிட்டாற் கருத்துக் களவுபோம் என்னும் அச்சம் பெரும்பாலும் பொருந்தாது.

1991-ஆம் ஆண்டில் பால் கின்ஸ்பார்க் என்னும் பௌதிக அறிஞர் அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் முன்படிகட்கென ஒரு மின் களஞ்சியம் நிறுவினார். அஃது இன்று ஆர்க்கைவ் எனப் பெயர் பெற்று வழங்குகின்றது. ருஷியக் கணித அறிஞர் பெரல்மான் பாயின்கரே ஊகத்தை நிறுவிய கட்டுரைகளை 2002, 2003-ஆம் ஆண்டுகளில் அங்கேயே இட்டார், எவ்விதழுக்கும் விடுத்தாரல்லர். பிற அறிஞர் பல்லாண்டு ஆராய்ந்து அவை சரியெனக் கண்டனர்.

எனினும் எதிர்க்கட்சியாரின் சொல்லை யாம் புறக்கணியோம். கணிதத்திற் பிழை நேரின் கெடுவது ஏடு. மருத்துவத்திற் பிழை நேரின் கெடுவது உயிர். 2020-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் இரண்டையுங் கண்டோம். புதிய கிருமிக்கும் எய்ட்ஸ் நோய்க் கிருமிக்கும் விந்தையான ஒற்றுமை உண்டெனக் கூறிய முன்படியொன்று, அறிஞர் கண்டனத்தால் சின்னாளிலேயே மீட்டுக்கொள்ளப்பட்டது. அதற்குள் வதந்தி உலகெங்கும் பரவிவிட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே, டெக்ஸாமெத்தசோன் என்னும் மலிவான மருந்து கடும் நோயாளரிடை இறப்பைக் குறைக்குமென்ற ஆய்வின் முன்படியும் வந்தது. அஃது இதழில் வெளிவந்தது ஜூலையில். இடைப்பட்ட நாட்களில் மருத்துவர் அறியாதிருந்திருப்பின், வீணே மாய்ந்தோர் எத்துணையரோ!

ஆகவே, முன்படி வெளியிடத் தக்கதே என்பது எம் துணிபு. ஆயின் மூன்று நெறிகள் வேண்டும். இது பிறரால் ஆராயப்படாதது என்று முகப்பிலேயே பொறித்தல் வேண்டும். திருத்திய படிகளைத் தேதியுடன் வைத்து, பழைய படியையும் அழியாது காத்தல் வேண்டும். நோயும் மருந்தும் பற்றியனவாயின், துறை வல்லார் இருவரேனும் படித்த பின்னரே வெளியிடுதல் வேண்டும். பத்திரிகை எழுதுவோர்க்கும் ஒரு கடனுண்டு: முன்படியை முடிந்த முடிபென்று பறையறைதல் கூடாது.

நம் கல்லூரி மாணவர்க்கு ஒரு சொல். நும் கட்டுரையின் முதற் படியை ஆசிரியரிடத்தும் உடன்பயில்வாரிடத்தும் நாணாது காட்டுமின். பிழையைப் பிறர் காட்டுதல் இகழ்ச்சியன்று. காட்டிய பின்னுந் திருத்தாமையே இகழ்ச்சி. மெய்ம்மை ஒருவர் பேழையிற் பூட்டற்குரிய தனியுடைமையன்று. பலர் கைபட்டு விளங்கும் பொதுச் செல்வம் என்பதை நம்மனோர் உளங்கொள்வாராக.