விமான விபத்தில் அடிபட்டால் யார் பொறுப்பு? நிவாரணம் வேற, இழப்பீடு வேற! 2 வருஷம்தான் கெடு, செஞ்சியிலேயே இலவச வக்கீல்

செஞ்சி:

துபாய், குவைத், சிங்கப்பூர் என்று வேலைக்குப் பறக்கும் ஆட்கள் செஞ்சி, திண்டிவனம், மேல்மலையனூர் பக்கம் ஊருக்கு ஊர் உண்டு. கடன் வாங்கி, நகையை அடகு வைத்து டிக்கெட் எடுக்கிறார்கள். ஆனால் அந்த விமானத்தில் ஏதாவது ஒன்று நடந்து கை, கால் போனால் யாரைக் கேட்பது, எவ்வளவு கேட்பது, எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்பது பலருக்கும் தெரியாது.

பஸ்சில் அடிபட்டால் என்ன செய்யணும் என்று திருவண்ணாமலை ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போலீசில் வழக்கு, ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி, பிறகு மோட்டார் வாகன விபத்து கோர்ட்டு. விமானம் என்றால் மட்டும், "பெரிய கம்பெனி, அவங்க கொடுத்ததை வாங்கிக்க வேண்டியதுதான்" என்று ஒதுங்கி விடுகிறார்கள். இதனால் நஷ்டம் அடிபட்டவருக்குத்தான்.

ஒரே தேதி... இரண்டு சோகம்

2024 ஜூன் 12-ந்தேதி குவைத் மங்காப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டிடத்தில் பயங்கர தீ விபத்து. பலியான தமிழர்கள் 7 பேர். அதில் ஒருவர் செஞ்சிக்காரர். தமிழக அரசு தலா ரூ.5 லட்சம் நிவாரணம் அறிவித்தது.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 2025 ஜூன் 12-ந்தேதி ஆமதாபாத்தில் லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் மேலே எழும்பிய சில நொடிகளில் மருத்துவக் கல்லூரி விடுதி மீது விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேர் பலி. உயிர் தப்பியது ஒரே ஒருவர். தரையில் இருந்த 19 பேரும் இறந்தார்கள். பலி மொத்தம் 260.

டாடா குழுமம் தலா ரூ.1 கோடி என்றது. ஏர் இந்தியா இடைக்காலத் தொகையாக ரூ.25 லட்சம் அறிவித்தது. டி.வி.யில் பார்த்த நம்மூர் ஆட்கள் பலரும், "1 கோடியே 25 லட்சம், அத்தோட முடிஞ்சுது கணக்கு" என்றுதான் நினைத்தார்கள்.

கணக்கு அத்தோடு முடியவில்லை. குவைத் தீ விபத்துக்கு அரசு கொடுத்ததும் சரி, டாடா அறிவித்த ரூ.1 கோடியும் சரி, தானாக முன்வந்து கொடுப்பது. அது நிவாரணம். சட்டப்படி விமான கம்பெனி கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டியது வேறு. அதற்குப் பெயர்தான் இழப்பீடு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்வதில்தான் பாதிப் பேர் ஏமாந்து போகிறார்கள்.

தப்பு யாருடையது? கேட்கவே தேவையில்லை!

1999-ல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் உலக நாடுகள் ஒரு ஒப்பந்தம் போட்டன. இந்தியா இதில் 2009-ல் சேர்ந்தது. விமானப் போக்குவரத்துச் சட்டத்திலும் இது சேர்க்கப்பட்டது. வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் இதில் உண்டு.

இதன்படி வெளிநாட்டு விமானப் பயணத்தில் விபத்து நடந்து பயணி செத்தாலோ, உடம்பில் காயம் பட்டாலோ கம்பெனி பொறுப்பு. விமானத்துக்குள் மட்டும் இல்லை, ஏறும்போதும் இறங்கும்போதும் நடக்கிற விபத்தும் இதில் சேரும்.

இழப்பீட்டில் இரண்டு படி இருக்கிறது.

முதல் படி: 1 லட்சத்து 51 ஆயிரத்து 880 எஸ்.டி.ஆர். வரை. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியம் வைத்திருக்கும் பணக்கணக்கு. ரூபாயில் பார்த்தால் சுமார் ரூ.1 கோடியே 80 லட்சம். இந்த வரம்பு 2024 டிசம்பர் 28-ல்தான் உயர்ந்தது. அதற்கு முன்பு 1 லட்சத்து 28 ஆயிரத்து 821. இந்தத் தொகை வரைக்கும் "எங்க மேல தப்பில்லை" என்று கம்பெனி கையை விரிக்க முடியாது. பைலட் தப்பா, எந்திரக் கோளாறா, மழையா என்ற கேள்விக்கே இடம் இல்லை.

இரண்டாவது படி: நஷ்டம் அதற்கு மேல் போனால் மீதியையும் கேட்கலாம். இதற்கு உச்ச வரம்பு கிடையாது. தன் பக்கம் எந்தக் கவனக்குறைவும் இல்லை, அல்லது முழுக்க வேறு யாரோ செய்த தப்பு என்று கம்பெனியே நிரூபித்தால்தான் அது தப்பிக்கும்.

ரோடு விபத்தில் டிரைவர் மீது தப்பு இருக்கிறது என்று அடிபட்டவர்தான் காட்ட வேண்டும். தப்பு பார்க்காமல் கிடைப்பது சாவுக்கு ரூ.5 லட்சம், பலத்த காயத்துக்கு ரூ.2½ லட்சம். விமானத்தில் சட்டம் பயணி பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது இதிலேயே தெரியும்.

சும்மா வந்து விடாது

அதற்காக ரூ.1 கோடியே 80 லட்சத்தை யாரும் தட்டில் வைத்துத் தர மாட்டார்கள். 2010 மே 22-ந்தேதி துபாயில் இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டி பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் பலி. 8 பேர் தப்பினார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறைந்தது ரூ.75 லட்சம் கொடு என்று 2011-ல் கேரள ஐகோர்ட்டு தனி நீதிபதி சொன்னார். அடுத்த மாதமே இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அதை ரத்து செய்தது. "சட்டத்தில் இருப்பது வரம்பு. குறைந்தபட்சத் தொகை இல்லை. எவ்வளவு நஷ்டம் என்று காட்டித்தான் வாங்க வேண்டும்" என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதே விபத்தில் பலியான ஒருவரின் குடும்பம் விடாமல் போராடியது. அவர் வளைகுடாவில் நல்ல சம்பளத்தில் இருந்தவர். தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போய், அங்கிருந்து சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு சுமார் ரூ.7 கோடியே 64 லட்சம் கொடுக்கச் சொன்னது. சம்பளத்தைப் பல தலைப்பில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள் என்பதற்காக அலவன்சுகளைக் கழிக்கக் கூடாது என்றும் சொன்னது. இதற்குப் பிடித்தது சுமார் 10 வருஷம்.

காகிதம் கையில் இருந்தவர் ஜெயித்தார். நம்மூர் கொத்தனாரும் டிரைவரும் அங்கே வாங்குகிற சம்பளம் எவ்வளவு என்று வீட்டில் உள்ளவர்களுக்கே சில நேரம் தெரியாது. வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பேங்க்கில் பணம் அனுப்பிய ரசீது... இதன் நகல் வீட்டில் ஒரு செட் இருக்க வேண்டும்.

காயம்பட்டவர் நிலைமை

செத்தவர் கணக்கை ஊரே பேசும். அடிபட்டவர் கணக்கை யாரும் பேசுவது இல்லை. 2020 ஆகஸ்டு 7-ந்தேதி கொரோனா நேரத்தில் துபாயில் இருந்து ஆட்களை ஏற்றி வந்த விமானம் கோழிக்கோட்டில் கொட்டுகிற மழையில் இறங்கும்போது சறுக்கி, பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 21 பேர் பலி. காயம்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல்.

அப்போது கம்பெனி அறிவித்த இடைக்காலத் தொகை என்ன தெரியுமா? இறந்தவர் 12 வயதுக்கு மேல் என்றால் ரூ.10 லட்சம். பலத்த காயம் என்றால் ரூ.2 லட்சம். மற்ற காயம் ரூ.50 ஆயிரம். இது முன்பணம்தான். கடைசி இழப்பீட்டில் கழித்துக் கொள்வார்கள். முன்பணம் வாங்குவதால் உரிமை போகாது.

இடுப்பு எலும்பு உடைந்தவருக்கு இன்றைய ஆஸ்பத்திரி பில் மட்டும் நஷ்டம் இல்லை. அடுத்த ஆபரேஷன், பிசியோதெரபி, இனிமேல் சாரத்தில் ஏற முடியாமல் போன வேலை, விசா முடிந்து போனது... எல்லாம் நஷ்டம்தான். எனவே, காயம் ஆறி, ஊனம் எத்தனை சதவீதம் என்று டாக்டர்கள் சொல்வதற்கு முன்பு "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற காகிதத்தில் கையெழுத்து போடக் கூடாது. இங்கிலீசில் இருக்கும் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் தொடவே கூடாது.

சீட் பெல்ட்... உஷார்!

2024 மே மாதம் லண்டன் - சிங்கப்பூர் விமானம் நடுவானில் பயங்கரமாகக் குலுங்கி ஒருவர் இறந்தார். பலர் காயம் அடைந்தனர். லேசான காயத்துக்கு 10 ஆயிரம் டாலர், பலத்த காயத்துக்கு முன்பணமாக 25 ஆயிரம் டாலர் என்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அறிவித்தது. விமானம் விழுந்தால்தான் இழப்பீடு என்பது இல்லை.

ஆனால் பெல்ட் போடச் சொன்ன பிறகும் போடாமல் இருந்து அடிபட்டால், "இவர் தப்பும் இருக்கிறது" என்று கம்பெனி தொகையைக் குறைக்கச் சொல்லலாம். அதேபோல் ஏற்கனவே இருந்த நோயால் மாரடைப்பு வந்தால் அது விபத்துக் கணக்கில் வராது.

ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

இது ஏஜெண்டுகள் சொல்லாத விஷயம். உள்நாட்டு விமானத்தில் 2014-ல் வந்த அரசு அறிவிப்புப்படி தப்பு பார்க்காமல் கொடுக்கும் வரம்பு ரூ.20 லட்சம்தான். சென்னையில் இருந்து மும்பை போய் அங்கிருந்து துபாய் போகிறவர், இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் சென்னை - மும்பை பயணமும் வெளிநாட்டுப் பயணமாகவே கணக்காகும். நூறு, இருநூறு மிச்சம் என்று தனித்தனி டிக்கெட் எடுத்தால் முதல் விமானத்துக்கு ரூ.20 லட்சம் கணக்குதான் என்று கம்பெனி வாதாடும். வித்தியாசம் ஒன்றரைக் கோடிக்கு மேல்!

தரையில் நின்று பலியானவர்களுக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது. அவர்களிடம் டிக்கெட் இல்லை. சாதாரண சிவில் சட்டப்படி, கவனக்குறைவை எடுத்துக்காட்டித்தான் கேட்க வேண்டும்.

டெல்லிக்கு அலைய வேண்டாம்

"கம்பெனி டெல்லியில, விமானம் துபாயில, நாங்க எங்க போறது?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இருக்கிறது. மாண்ட்ரீல் ஒப்பந்தப்படி பயணி போய்ச் சேரும் ஊரிலும் வழக்கு போடலாம். சென்னையில் இருந்து போய்வர ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தால் சேரும் ஊர் சென்னைதான். கம்பெனி இந்தியாவுக்கு விமானம் ஓட்டினால், பயணி நிரந்தரமாகக் குடியிருக்கும் நம் நாட்டிலேயே கேட்கலாம்.

சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019-ம் ஆண்டு சட்டப்படி, எந்த ஆணையம் என்பது கேட்கும் தொகையை வைத்து இல்லை, கட்டிய பணத்தை வைத்து. டிக்கெட் விலை ரூ.50 லட்சத்தைத் தாண்டாத வரை மாவட்ட ஆணையம் போதும். குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அதாவது விழுப்புரத்தில்! கட்டிய தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

ஆனால் கெடு 2 வருஷம். விமானம் போய்ச் சேர்ந்த தேதி, அல்லது சேர்ந்திருக்க வேண்டிய தேதியில் இருந்து எண்ணுவார்கள். ஆமதாபாத் விபத்துக்கு இது 2027 ஜூனில் முடியும் கணக்கு. "விசாரணை அறிக்கை வரட்டும், கம்பெனி பேசிக்கிட்டு இருக்கு" என்று உட்கார்ந்திருந்தால் மாண்ட்ரீல் உரிமையே போய்விடும்.

புரோக்கர்கள் ஜாக்கிரதை

பெரிய விபத்து நடந்தால் ஆஸ்பத்திரி வாசலுக்கே ஆட்கள் வருவார்கள். "வர்ற பணத்தில 30 சதவீதம் கொடு, மீதி உனக்கு" என்பார்கள். கிடைக்கும் பணத்தில் பங்கு பேசி வழக்கு எடுக்க இந்திய வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதி தடை போட்டிருக்கிறது. இது பல பேருக்குத் தெரியாது.

காசு இல்லாதவருக்கு வழி இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், பெரும் விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு தமிழகத்தில் ஆண்டு வருமானம் ரூ.3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். விழுப்புரத்தில் மாவட்ட ஆணைக்குழு, செஞ்சி கோர்ட்டு வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. போனில் கேட்க 15100.

10-ம் வகுப்பு முடிக்காமல் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வளைகுடா போகிறவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸ் கட்டாயம். பிரீமியம் 2 வருஷத்துக்கு ரூ.275. விபத்தில் சாவு, நிரந்தர ஊனத்துக்கு ரூ.10 லட்சம். இது கம்பெனி தரும் இழப்பீடு போக தனி. பாலிசி காகிதத்தை ஏஜெண்டிடமே விட்டுவிட்டுப் போவது வீண்.

வீட்டில் இருக்க வேண்டியவை: டிக்கெட், போர்டிங் பாஸ் போட்டோ, பாஸ்போர்ட் - விசா நகல், வேலை ஒப்பந்தம், பேங்க் கணக்கு, இன்சூரன்ஸ் பாலிசி. அடிபட்டால் முதல் நாளே ஆஸ்பத்திரி பதிவு, எல்லா பில், பிறகு ஊனச் சான்று. இறந்திருந்தால் தாசில்தார் தரும் வாரிசு சான்று.

2018 அக்டோபரில் திருச்சியில் இருந்து 136 பேருடன் துபாய் கிளம்பிய விமானம் ஏர்போர்ட் சுவரை இடித்துக்கொண்டே பறந்தது. 2024 அக்டோபரில் 141 பயணிகளோடு சார்ஜா கிளம்பிய விமானம் கோளாறாகி இரண்டு மணி நேரத்துக்கும் மேல் திருச்சி வானத்தில் வட்டமடித்தது. இரண்டும் பத்திரமாக இறங்கின. அந்த இரண்டு நாளும் உள்ளே உட்கார்ந்திருந்த எத்தனை பேர் வீட்டில் டிக்கெட் நகல் இருந்திருக்கும்? இன்று இரவு பிளைட் ஏறப் போகிறவர் கிளம்புவதற்கு முன்பு அந்த போட்டோவை மனைவி செல்போனுக்கு அனுப்பி விட்டுப் போகலாம். அதற்கு ஒரு நிமிஷம் போதும்.