கால்நடைக் காப்புறுதி: எவரை நம்பிச் செய்வது?

‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருளாகும். அப்பொருள் ஏட்டளவில் நின்றுவிட்டதொன்றன்று. தோட்டஞ் செய்யும் கமக்காரருக்குக் கொட்டிலில் நிற்கும் பசு நாள்தோறும் பாற்காசு தருகின்றது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் எருத் தருகின்றது. வயல் அழிந்த ஆண்டில் அடுத்த போகத்து விதைநெல்லுக்கு வழி செய்கின்றது. எருதின் வேலையை உழவு இயந்திரம் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. பசுவின் வேலையை ஏற்க எந்த இயந்திரமும் வரவில்லை.

இவ்வாறிருந்தும், நெல்லுக்குக் காப்புறுதி உண்டா என விசாரிக்கும் கமக்காரர் பலர் பசுவைப் பற்றி விசாரிப்பதில்லை. விசாரிக்கும் சிலரும், “எங்கே கட்டணம் குறைவு?” என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகின்றனர். அக்கேள்வி கேட்கத்தக்கதே. ஆனால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னர்க் கேட்க வேண்டியவற்றைக் கேளாதவர், மாடு இறந்த நாளிலேதான் தாம் வாங்கியது எதுவென அறிகின்றனர்.

காப்புறுதி வழங்குவோர் யாவர்?

எமது நாட்டில் நெற்பயிர்க் காப்புறுதி 1958 ஆம் ஆண்டில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிற்று. 1961 ஆம் ஆண்டின் பயிர்க் காப்புறுதிச் சட்டமும், 1973 ஆம் ஆண்டின் கமத்தொழில் காப்புறுதிச் சட்டமும் அதனை விரிவாக்கின. 1999 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபை, பயிரோடு கால்நடைக்கும் காப்புறுதி வழங்குகின்றது. இதனைவிடக் காப்புறுதிக் கம்பனிகளும் உள. கம்பனியாயின், அது 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றதாதல் வேண்டும். பதிவு பெறாதாரிடம் கொடுக்கும் பணம் காப்புறுதிக் கட்டணமாகாது. கைமாறிப் போன பணமேயாகும்.

அரசாங்கச் சபை என்பதாலேயே ஒன்று சிறந்ததென்றோ, பெரிய கம்பனி என்பதாலேயே ஒன்று நம்பத்தக்கதென்றோ யாம் கூறவில்லை. பெயர்ப்பலகையைப் பார்த்துத் தீர்மானிக்கக்கூடிய விடயம் இதுவன்று. பத்திரத்திலே எழுதியிருப்பதையும், முன்னர் நட்டஈடு கேட்டவர்களை அவர்கள் நடத்திய விதத்தையும் பார்த்தே தீர்மானித்தல் வேண்டும்.

எந்த மாட்டுக்குக் காப்புறுதி வேண்டும்?

தாங்கக்கூடிய இழப்பைத் தாமே தாங்குதலும், தாங்கவொண்ணாத இழப்புக்குக் காப்புறுதி செய்தலுமே முறையாகும். நாற்பது நாட்டு மாடுகள் கொண்ட பட்டியில் ஒரு கன்று இறப்பது துன்பமே. ஆனால் அதனால் அடுப்பு அணைந்துவிடாது. கடன்பட்டு வாங்கிய ஒரேயொரு கலப்பினப் பசு இறந்தால், பாற்காசு நின்றுவிடும், கடன் நில்லாது. ஆதலால் எல்லா மாடுகளுக்கும் அரைகுறையாகக் காப்புறுதி செய்வதிலும், குடும்பத்தின் சீவனம் தங்கியுள்ள ஒன்றிரண்டுக்கு நிறைவாகச் செய்வதே மேலானது.

“கட்டணத்தைச் சேமித்து வைத்தால் போதாதா?” எனச் சிலர் வினவுவர். உதாரணமாக, இரண்டு லட்சம் ரூபாப் பெறுமதியுள்ள பசுவுக்கு நூற்றுக்கு 5 வீதம் கட்டணமெனின், ஆண்டுக்கு 10,000 ரூபாவாகும். அதனைச் சேமித்து இன்னொரு பசு வாங்க இருபது ஆண்டுகள் செல்லும். பசு இரண்டாம் ஆண்டில் இறந்தால் கையில் இருப்பது 20,000 ரூபா மாத்திரமே. பட்டிக்காரருக்குச் சேமிப்புப் பொருந்தும். ஒற்றைப் பசுக்காரருக்குப் பொருந்தாது.

குறைந்த கட்டணத்தின் மறுபக்கம்

ஒரே பசுவுக்கு ஒருவர் 8,000 ரூபாவும் மற்றொருவர் 12,000 ரூபாவும் கேட்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரின் பத்திரம் தீ, மின்னல், வெள்ளம், விபத்து ஆகியவற்றால் நேரும் இறப்பை மாத்திரம் ஏற்கின்றது. இரண்டாமவருடையது நோயையும் கன்று ஈனும்போது நேரும் இறப்பையும் ஏற்கின்றது. கொட்டிலில் நிற்கும் கறவைப் பசு மின்னலால் இறப்பது அரிது. உண்ணிக் காய்ச்சல், மடி அழற்சி, பாற்சுரம், ஈனும்போது ஏற்படும் இடர் ஆகியவையே அதற்கு அண்மையில் நிற்கும் பகைகள். 4,000 ரூபாவை மிச்சம் பிடிக்க எண்ணி, பெருங்கதவைத் திறந்துவிட்டுச் சிறு சன்னலைத் தாழிடுவது சிக்கனமாகாது.

நட்டஈட்டில் ஒரு பகுதியைச் சொந்தக்காரரே தாங்க வேண்டுமெனும் நிபந்தனை வேறு வகையானது. இரண்டு லட்சம் ரூபாவில் நூற்றுக்கு 20 வீதம் கழிக்கப்படுமாயின் 160,000 ரூபா கிடைக்கும். கழிவு கூடியிருந்தால் கட்டணம் குறைந்திருத்தல் நியாயமே. 40,000 ரூபாவைத் தாமே தாங்கக்கூடியவர் அதனை ஏற்கலாம். முன்னரே சொல்லப்பட்ட கழிவு நீதியானது. மாடு இறந்த பின்னர் முதன்முறையாகக் காதில் விழும் கழிவே அநீதியானது.

2022 டிசெம்பர் தந்த பாடம்

2022 ஆம் ஆண்டு டிசெம்பரில், வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நின்ற நாட்களில், வடக்கு கிழக்கு மாகாணங்களில் குளிர்காற்றும் மழையும் தாக்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. முதலில் நோயோ என அஞ்சப்பட்டது. கடுங்குளிரே காரணமென்று பின்னர் அறியப்பட்டது. வெட்ட வெளியில் நின்ற பட்டிகளுக்கே பேரிழப்பு நேர்ந்தது.

அந்நிகழ்ச்சியை மனத்திற் கொண்டு உமது பத்திரத்தைப் படித்துப் பாரும். ‘வெள்ளம்’ என்று எழுதியுள்ள பத்திரம் குளிரை ஏற்குமா? ‘புயல்’ என்று எழுதியிருப்பின், எமது கரையைத் தொடாது கடலிலே சென்ற புயலின் குளிர்காற்று அதில் அடங்குமா? மட்டக்களப்புப் பகுதியில் வயல் விதைக்கும் காலத்தில் பட்டிகள் தூரத்து மேய்ச்சற்றரைக்குச் செல்வது வழக்கம். மாடு நிற்குமிடம் வீட்டு விலாசம் என்று பத்திரத்தில் இருந்தால், மேய்ச்சற்றரையில் நேர்ந்த இறப்புக்கு என்ன விடை கிடைக்கும்?

நோயைப் பற்றியும் இவ்வாறே. சில பத்திரங்கள் தாம் ஏற்கும் நோய்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தும். சில, “இன்னின்ன தவிர்ந்த எல்லா நோய்களும்” என்று கூறும். 2020 ஆம் ஆண்டில் எமது நாட்டில் முதன்முறையாகத் தோற்கழலை நோய் காணப்பட்டபோது, அதன் பெயரைக் கமக்காரர் எவரும் அதற்கு முன் கேட்டதில்லை. பெயர் வரிசையில் இல்லாத புதுநோய் வந்தால் முதல்வகைப் பத்திரம் கைவிடும். இரண்டாம் வகைப் பத்திரம் துணை நிற்கும். இரண்டு பத்திரங்களும் ஒரே விலையாயின் எதனைத் தேர்வது என்பதில் ஐயமில்லை.

பெறுமதியைக் கூட்டி எழுதலாமா?

கூட்டி எழுதினால் கூடக் கிடைக்கும் என எண்ணுதல் தவறு. காப்புறுதி இழந்ததை ஈடுசெய்வதேயன்றி இலாபம் தருவதன்று. 220,000 ரூபாப் பெறுமதியுள்ள பசுவை 300,000 ரூபாவென எழுதிக் கட்டணம் செலுத்தினாலும், இறக்கும்போதுள்ள சந்தைப் பெறுமதிக்கு மேல் கிடைப்பது அரிது. நூற்றுக்கு 5 வீதக் கட்டணத்தில் ஆண்டுக்கு 4,000 ரூபா வீணாகும். பொய் சொன்னவர் என்ற பெயரும் வரும். குறைத்து எழுதினால் கிடைப்பதும் குறையும். மிருக வைத்தியரின் மதிப்பீட்டின்படி எழுதுவித்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது பசுவின் வயதையும் பாலின் அளவையும் நோக்கித் திருத்திக்கொள்க.

கையெழுத்து இடுமுன் கேட்க வேண்டியவை

1. எக்காரணங்களால் இறந்தால் நட்டஈடு உண்டு, எவற்றால் இறந்தால் இல்லை? இரண்டும் எழுத்தில் உள்ளனவா?
2. பணம் கட்டிய எத்தனை நாளின் பின் நோய்க்கான காப்பு ஆரம்பமாகும்?
3. இறவாமல், பால் வற்றியோ கால் முடமாகியோ பயனற்றுப் போனால் ஏதும் கிடைக்குமா?
4. இறப்பை எத்தனை மணி நேரத்துள், எவருக்கு, எவ்வழியாக அறிவித்தல் வேண்டும்? விடுமுறை நாளில் இறந்தால் என் செய்வது?
5. ஒரே நாளில் பல மாடுகள் இறந்து, மிருக வைத்தியர் எல்லா இடத்துக்கும் வர இயலாதாயின் எச்சாட்சி ஏற்கப்படும்?
6. பத்திரங்கள் யாவும் கொடுத்தபின் எத்தனை நாளில் பணம் தரப்படும்?
7. கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணம் எழுத்தில் தரப்படுமா? யாரிடம் முறையிடலாம்?

இவற்றுக்குத் தெளிவாக விடையளித்து, அவ்விடை பத்திரத்தில் எவ்விடத்தில் உள்ளதென விரல் வைத்துக் காட்டுபவரே நீதியான காப்புறுதியாளர். “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்பவரிடமிருந்து விலகிக்கொள்க. முகவர் உறவினராகவோ ஊரவராகவோ இருக்கலாம். ஆயினும் அவருக்குத் தரகு கொடுப்பது கம்பனியே. வாய்ச்சொல் பத்திரமாகாது. பணத்துக்குக் காப்புறுதியாளரின் பெயரில் பற்றுச்சீட்டுப் பெறாமல் முகவரை அனுப்பிவிட வேண்டாம்.

விசாரிக்கத்தக்க இடம் இன்னொன்றும் உண்டு. உமது பகுதி அரசாங்க மிருக வைத்தியப் பணிமனைக்குச் செல்க. இறப்புச் சான்றிதழ் கேட்டுக் கமக்காரர் வருவது அங்கேதான். எவருடைய கோரிக்கைகள் விரைவில் முடிகின்றன, எவருடையவை மாதக்கணக்கில் இழுபடுகின்றன என்பதை விளம்பரத்திலும் அப்பணிமனையின் வாசலிலே தெளிவாக அறியலாம். நட்டஈடு பெற்ற ஒருவரையும், மறுக்கப்பட்ட ஒருவரையும் கண்டு பேசுக. மறுக்கப்பட்டவரின் கதை பெரும்பாலும் கூடுதலாகக் கற்பிக்கும்.

கமக்காரரின் கடமை

காப்புறுதியாளரிடம் நேர்மையை எதிர்பார்ப்பவர் தாமும் நேர்மையாய் இருத்தல் வேண்டும். பசுவுக்கு முன்னர் இருந்த நோயை மறைத்தால், அம்மறைப்பே பின்னர்க் கோரிக்கையைக் கெடுக்கும். காதில் இட்ட இலக்கத்தகடு கழன்று விழுந்தால் உடனே அறிவித்துப் புதியது இடுவிக்க. கால்வாய் நோய், தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்கு உரிய காலத்தில் தடுப்பூசி ஏற்றி அட்டையைப் பேணுக. இறந்த மாட்டைப் பரிசோதனைக்கு முன் புதைத்துவிடுவதே கோரிக்கை மறுக்கப்படுதற்குப் பொதுவான காரணங்களுள் ஒன்று. வெயிலையும் நாற்றத்தையும் எண்ணி அவ்வாறு செய்த ஒரு கமக்காரரை யாம் அறிவோம். மூன்றாண்டு கட்டணம் செலுத்திய அவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. அறிவித்த நேரம், பேசியவரின் பெயர், காதிலக்கம் தெரிய எடுத்த படம் ஆகியவற்றைக் கொப்பியொன்றிற் குறித்து வைப்பதற்குச் செலவொன்றுமில்லை.

கம்பனி நியாயமின்றி மறுத்தால், முதலில் அதன் தலைமைப் பணிமனைக்கு எழுத்தில் முறையிடுக. பின்னர் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கோ, காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கோ முறையிடலாம். எழுத்தில் உள்ள சான்றே அங்கு பேசும்.

சங்கமாகச் சேர்ந்து கேட்போம்

தனியொரு கமக்காரர் நிபந்தனையை மாற்றக் கேட்டால் எவரும் செவிகொடார். பாற் கூட்டுறவுச் சங்கமொன்றின் அங்கத்தவர் எல்லோரும் ஒன்றாய்ச் சென்று, “குளிரைச் சேருங்கள், மேய்ச்சற்றரையைச் சேருங்கள், பத்திரத்தைத் தமிழில் தாருங்கள்” என்று கேட்டால் செவிகொடுப்பர். விளங்காத மொழியில் உள்ள பத்திரத்தில் ஒப்பமிடுவித்துவிட்டு, அதன் நிபந்தனையைக் காட்டிப் பணத்தை மறுப்பது நீதியன்று என்பது எமது கருத்து. தமிழ்ப் பத்திரம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

சங்கங்கள் தாமே நிதி சேர்த்து அங்கத்தவருக்கு உதவுதலும் நன்றே. ஆங்காங்கே ஒவ்வொன்றாய் இறக்கும் மாடுகளுக்கு அந்நிதி போதும், காகிதவேலையும் குறைவு. ஆனால் ஒரே புயலில் ஊர் முழுவதும் இழக்கும்போது, கொடுப்போரும் கேட்போரும் ஒருவரேயாவர். நிதி ஒரே நாளில் வற்றிவிடும். பல மாவட்டங்களில் பரந்துள்ள காப்புறுதியே அந்நாளில் உதவும். ஆதலால் சிறு இழப்புக்குச் சங்க நிதியும், பேரிழப்புக்குக் காப்புறுதியும் என இரண்டையும் சேர்த்துக்கொள்ளுதல் புத்தி.

கமக்காரர்களே! வித்தை வாங்குமுன் முளைதிறன் பார்க்கின்றீர். பசுவை வாங்குமுன் மடியும் பல்லும் பார்க்கின்றீர். காப்புறுதி வாங்குமுன் பத்திரத்தையும் அவ்வண்ணமே பாரும். பெரும்போக மழை தொடங்குமுன், வீட்டில் எழுத்தறிந்த பிள்ளையைக் கொண்டு அதனை ஒருமுறை முழுவதும் வாசிப்பித்துக் கேளும். விளங்காத இடத்தில் அடையாளமிட்டு, உமது பகுதி மிருக வைத்தியரிடமோ விவசாயப் போதனாசிரியரிடமோ கொண்டுவாரும். விளக்கிச் சொல்வது எமது கடமை.