போதையனார் கணக்கு எங்கே நிற்கும், எங்கே சறுக்கும்

பிதாகரஸுக்கு முன்பே போதையனார் என்ற தமிழ்ப் புலவர் வர்க்கமூலம் இல்லாமலே கர்ணம் காணும் வழியைச் சொல்லிவிட்டார் என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. நீளப் பக்கத்தை எட்டாகப் பங்கிட்டு ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். மீதியோடு குட்டைப் பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம். கணினிகளும் இதைப் பின்பற்றினால் வேகமும் கூடும், பிழையும் வராது என்று ஒரு வாலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எல்லாச் செங்கோண முக்கோணத்துக்கும் பொருந்தும் என்பது முதல் வாதம். 4, 3 போட்டால் 5 வருகிறது; 12, 5 போட்டால் 13. செய்தியில் வரும் உதாரணங்கள் பெரும்பாலும் இவையே, அதற்குக் காரணமும் உண்டு. இந்தச் சூத்திரத்தைப் பிதாகரஸ் தேற்றத்தோடு சமன்செய்து வர்க்கப்படுத்தினால் ஓர் இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதன் தீர்வுகள் 4:3, 12:5 என்ற இரண்டு விகிதங்கள் மட்டுமே. வேறெந்த முக்கோணத்திலும் விடை சரியாக வராது. 24, 7-க்கு 25 வர வேண்டிய இடத்தில் 24.5 வருகிறது. 40, 9-க்கு வருவதோ 39.5. கர்ணம் பக்கத்தைவிடக் குட்டை! குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தில் கால் பங்குக்குக் கீழே போனால் எப்போதும் இந்தக் கதிதான்.

துல்லியத்தில் பெருமைக்கும் இடமில்லை. பெயரில் ஒத்த போதாயனரின் வடமொழி நூலான சுல்ப சூத்திரம், பக்கம் 1 உள்ள சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு 577/408, அதாவது 1.41422 என்கிறது. நம் சூத்திரம் அதே சதுரத்துக்குத் தருவது 1.375.

நடைமுறைக்கு இது போதும் என்பது அடுத்த வாதம். கூரைக்குக் கைமரம் அறுப்பவருக்குப் போதும்தான்; குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவரை பிழை 3 சதவீதத்தைத் தாண்டாது. ஆனால் ஜவ்வாது மலையில் காவலூருக்குப் போய்ப் பாருங்கள். அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அதன் முதன்மைக் குவியத்தில் 1 மில்லிமீட்டர் என்பது வானில் சுமார் 27 விகலைக் கோணம். இரண்டு விண்மீன்கள் குறுக்கே 20 மி.மீ., நெடுக்கே 2 மி.மீ. தள்ளி விழுந்தால் இடைவெளி 20.1 மி.மீ. சூத்திரம் சொல்வது 18.5. பிழை 43 விகலை. ஏறக்குறைய ஒரு வியாழனே அதற்குள் அடங்கிவிடும்.

கணினிக்கு வர்க்கமூலம்தான் பாரம் என்பது மூன்றாவது. இது பழங்கதை. 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலை, வர்க்கமூலமும் கடைசி பிட் வரை சரியாக இருக்க வேண்டும் என்று விதித்துவிட்டது. இன்றைய செயலிகள் பலவற்றில் அதற்குத் தனிக் கட்டளையே இருக்கிறது. தொல்லை அதற்கு முந்தைய படியில், வர்க்கப்படுத்தும்போதே வருகிறது. 32 பிட் மிதவைப்புள்ளி எண்ணின் உச்சம் சுமார் 3.4 × 10³⁸. விண்மீன் தொலைவுகளை மீட்டரில் எழுதினால் சுமார் 1950 ஒளியாண்டைத் தாண்டிய எதையும் வர்க்கப்படுத்த முடியாது. விடை அந்த எண்ணுக்குள் தாராளமாக அடங்கும், ஆனால் வழியில் வரும் வர்க்கம் அடங்காமல் வழிந்து ‘முடிவிலி’ என்று வந்து நிற்கும். மிகச் சிறிய எண்களுக்கு இதே கதை தலைகீழாக நடக்கும்: வர்க்கம் சுழியாகிவிடும். மருந்து எளியது. சிறிய பக்கத்தைப் பெரியதால் வகுத்து, அந்த விகிதத்தை வர்க்கப்படுத்தி, மூலம் எடுத்த பிறகு பெரியதால் பெருக்கலாம். சி மொழியின் 1999 தரநிலையில் சேர்ந்த ‘ஹைப்பாட்’ சார்பு இருப்பதே இந்த வழிதலைத் தவிர்க்கத்தான்.

போதையனார் சூத்திரத்தில் வர்க்கமே இல்லை, ஆகவே வழியாது; அந்தப் பெருமையை மறுக்க வேண்டியதில்லை. இதே வடிவத் தோராயங்களைச் சமிக்ஞைப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பெரிய பக்கம், சூத்திர விடை இரண்டில் எது பெரிதோ அதை எடுத்துக்கொண்டால் போதும், 12.5 சதவீதம் வரை போகும் பிழை 3 சதவீதத்தில் நின்றுவிடும்.

வர்க்கமூலம் இல்லாமல் துல்லியமும் வேண்டும் என்பவர்களுக்கு 1983-இல் கிளீவ் மோலரும் டொனால்ட் மாரிசனும் ஒரு வழி கண்டார்கள். கூட்டல், பெருக்கல், வகுத்தல் மட்டும். சுற்றுக்குச் சுற்று பெரிய பக்கம் வளரும், சிறியது தேயும். போதையனார் சறுக்கிய 40, 9-ஐக் கொடுத்தால் முதல் சுற்றில் 40.99985. இரண்டாவது சுற்றில், 64 பிட் எண் தாங்குகிற துல்லியத்துக்கு, 41.