யுத்த நாட்டில் வேலை: திரும்பி வர வழி உண்டா?

"மாதச் சம்பளம் 1 லட்சம்! சாப்பாடு, ரூம் இலவசம்! உடனே விசா!"

இந்தச் சேதி ஒரு காலத்தில் சுவரொட்டியில் வந்தது. இப்போது செல்போனில் வருகிறது. எந்த நாடு என்று கேட்டால்தான் ஏஜெண்டு குரலைத் தாழ்த்துகிறார். தினமும் குண்டுவீச்சு செய்தி வருகிற நாடாக அது இருக்கும்!

வியாசர்பாடியில் ஒரு வெல்டர். அவர் வீட்டில் அன்று ராத்திரி என்ன பேச்சு நடக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை.

"ஏங்க, அங்கே சண்டை நடக்குதாமே?" என்பார் மனைவி.

"அது பார்டர்லதான். நமக்கு வேலை சிட்டிக்குள்ளே. ஏஜெண்டு அண்ணன் சொல்லிட்டாரு" என்பார் கணவர்.

பேச்சு அதோடு முடியும். மறுநாள் வளையலும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போகும்.

அந்த வெல்டரைப் பேராசைக்காரர் என்று ஏசுவது சுலபம். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு யாரும் ஏசலாம். வீட்டு வாடகை, பிள்ளைகள் பீஸ், தங்கை கல்யாணக் கடன் எல்லாம் அவர் தலையில் அல்லவா இருக்கிறது? இங்கே பல வருஷம் உழைத்தும் சேராத பணம் அங்கே ஒரே வருஷத்தில் சேரும் என்றால் யாருக்குத்தான் சபலம் தட்டாது?

2024-ம் ஆண்டு தொடக்கத்தில் காசாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அப்போதே இஸ்ரேலில் கட்டட வேலைக்கு அரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஆள் எடுத்தார்கள். சம்பளம் மாதம் சுமார் 1 லட்சத்து 37 ஆயிரம் ரூபாய். கொத்தனார்களும் கம்பி கட்டுகிறவர்களும் ஆயிரக்கணக்கில் கியூவில் நின்றார்கள். யுத்தம் நடப்பது தெரியாமலா நின்றார்கள்? தெரிந்துதான் நின்றார்கள். குண்டைவிட பசி பக்கத்தில் இருந்தது!

ஆகவே, "போகாதே" என்று ஊருக்கு உபதேசம் செய்வதில் பயனில்லை. போவதா, வேண்டாமா என்பதை அந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்டு முடிவு செய்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

"எவ்வளவு சம்பளம்?" என்பது 2-வது கேள்வி. "ஆபத்து என்றால் மறுநாளே திரும்பி வர முடியுமா?" என்பதே முதல் கேள்வி.

கடன் என்னும் விலங்கு

2014 ஜூன் மாதம். ஈராக் நாட்டில் திக்ரித் நகரைத் தீவிரவாதிகள் பிடித்தார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்சுகள் சிக்கிக்கொண்டார்கள். பெரும்பாலோர் கேரளப் பெண்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவரும் அதில் இருந்தார்.

வெளியே குண்டுச் சத்தம். அந்த நேரத்திலும் பலருக்கு இருந்த கவலை என்ன தெரியுமா? மாதக்கணக்கில் வராத சம்பளம்! படிப்புக்கும் பயணத்துக்கும் ஊரில் வாங்கிய கடன்! வெறுங்கையோடு திரும்பினால் கடன்காரருக்கு என்ன பதில் சொல்வது என்ற தயக்கம்! ஜூலை முதல் வாரத்தில் அவர்கள் உயிரோடு கொச்சி வந்து சேர்ந்தது பெரிய அதிர்ஷ்டம்.

அதே ஜூனில் மொசூல் நகரில் கடத்தப்பட்ட 39 இந்தியத் தொழிலாளர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர்கள் கொல்லப்பட்ட செய்தி 2018 மார்ச்சில்தான் பார்லிமெண்டில் அறிவிக்கப்பட்டது. கிட்டத்தட்ட 4 வருஷம் 39 வீடுகள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தன. ஆள் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா என்பதே தெரியாத காத்திருப்பு அது.

கடன் வாங்கிப் போகிறவர் சுதந்திரமாகப் போகிறவர் அல்ல. ஓட வேண்டிய நேரத்தில் கடன் காலைப் பிடித்து இழுக்கும்.

"பார்டரில்தான் சண்டை"

ஏஜெண்டு சொல்கிற இந்த வார்த்தையை நம்பலாமா?

2023 ஏப்ரல் 15-ந் தேதி சூடான் நாட்டில் ராணுவத்துக்கும் துணை ராணுவத்துக்கும் சண்டை வெடித்தது. வெடித்தது எல்லையில் அல்ல. தலைநகரமான கார்ட்டூமிலேயே! வீட்டு ஜன்னல் அருகே இருந்த ஒரு இந்தியர் மீது குண்டு பாய்ந்தது. அவர் இறந்தார். அவர் சண்டை நடக்கும் இடத்துக்குப் போகவில்லை. சண்டை அவர் வீட்டுக்கு வந்தது.

"ஏதாவது ஒண்ணுன்னா கவர்மெண்டு பிளேன் அனுப்பும்" என்பது இன்னொரு தைரியம். அனுப்பியதும் உண்மைதான். 1990-ல் குவைத்திலிருந்து 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏர் இந்தியா விமானங்கள் அழைத்து வந்தன. 2011-ல் லிபியாவிலிருந்து 15 ஆயிரம் பேருக்கு மேல் திரும்பினார்கள். 2015-ல் ஏமனிலிருந்து 4,600 இந்தியர்களுக்கு மேல் மீட்கப்பட்டார்கள். 2023-ல் சூடானிலிருந்து 3,800 பேருக்கு மேல் வந்தார்கள்.

ஆனால் சூடானில் இந்தியக் கப்பல் வந்து நின்றது போர்ட் சூடான் துறைமுகத்தில். கார்ட்டூமிலிருந்து அது 800 கிலோமீட்டருக்கு மேல்! அந்தத் தூரத்தை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் கடக்க வேண்டியிருந்தது. பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தால்? டூரிஸ்ட் விசாவில் போயிருந்தால்? அப்படி ஒரு ஆள் அந்த நாட்டில் இருப்பதே தூதரகத்துக்குத் தெரியாது. தெரியாத ஆளை எப்படித் தேடுவது?

வேலையே வேறு என்றால் கதை இன்னும் மோசம். ரஷியாவில் "ஹெல்பர்" வேலை என்று நம்பிப் போன இந்திய வாலிபர்கள், உக்ரைன் யுத்தகளத்தில் நிறுத்தப்பட்ட சங்கதி 2024-ல் அம்பலமாயிற்று. சிலர் பெட்டியில் பிணமாகத் திரும்பினார்கள்.

பேப்பரைப் பார்!

வாய்ப் பேச்சை விட்டுவிட்டுப் பேப்பரைப் பார்க்க வேண்டும்.

10-ம் வகுப்பு பாஸாகாதவர் பாஸ்போர்ட் பொதுவாக "ஈ.சி.ஆர்." வகை. ஈராக், லிபியா, ஏமன், சூடான், லெபனான் உள்பட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக மத்திய அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். நர்சுகளுக்கு எந்தப் பாஸ்போர்ட் இருந்தாலும் அது வேண்டும். "டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், இந்தப் பாதுகாப்பிலிருந்து ஆளைக் கழற்றி விடுகிறார் என்றே அர்த்தம். இஸ்ரேலும் ரஷியாவும் இந்தப் பட்டியலில் இல்லை. அங்கே போகிறவர் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்.

ஏஜெண்டு அரசிடம் பதிவு செய்தவரா என்பதை "இ-மைக்ரேட்" இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணம் 30 ஆயிரம் ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். 2 லட்சம், 3 லட்சம் என்று கேட்கிறவர் வேலை வாங்கித் தருகிறவர் அல்ல, ஆளை விற்கிறவர். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது. கிண்டிக்கு பஸ் ஏறிப் போய் ஒரு வார்த்தை விசாரித்தால் என்ன குறைந்துவிடும்?

இன்ஷூரன்சையும் படித்துப் பார்க்க வேண்டும். பல பாலிசிகளில் யுத்தத்தினால் ஏற்படும் சாவுக்குப் பணம் கிடையாது. அது பொடி எழுத்தில் இருக்கும். எந்தச் சாவுக்குப் பயந்து பாலிசி எடுக்கிறாரோ, அந்தச் சாவுக்கே பணம் இல்லை என்றால் என்ன பிரயோஜனம்?

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. பிணம் வந்த பிறகு போலி ஏஜெண்டைத் தேடிப் பிடிப்பதில் என்ன பெருமை? பிளேன் ஏறுவதற்கு முன்பே அவர் கையில் விலங்கு மாட்ட வேண்டும். செல்போனில் வருகிற விளம்பரம் ஏழைத் தொழிலாளிக்குத் தெரிகிறது. அதிகாரிகளுக்குத் தெரியாதா?

எழுதிய ஒப்பந்தம், முறையான விசா, பாஸ்போர்ட் தன் கையில், வட்டிக் கடன் இல்லாத பயணம், திரும்பி வர டிக்கெட் பணம். இந்த 5-ம் இருந்தால் ஒருவர் யோசித்துப் பார்க்கலாம். ஒன்று குறைந்தாலும் அந்த 1 லட்சம் சம்பளம் அல்ல, உயிருக்குப் பேசிய விலை.

"அங்கே சண்டை நடக்குதாமே?" என்று அந்த மனைவி கேட்டது சரியான கேள்வி. வளையல் அடகுக் கடைக்குப் போவதற்கு முன்னால் அதற்குப் பதில் வர வேண்டும்!