பாதம் நேரா இருக்கோணும் எண்டு ஆர் சொன்னது?

ஜிம்முக்குப் போற ஆரையும் பிடிச்சுக் கேளுங்கோ, கால் பயிற்சியைப் பற்றி ரெண்டு விதி மனப்பாடமாச் சொல்லுவினம். ஒண்டு, பாதம் ரெண்டும் நேரா முன்னுக்குப் பாத்தபடி இருக்கோணும். மற்றது, குந்தி எழும்பேக்க முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது. ஏன் எண்டு கேட்டால் "முழங்கால் போயிடும்" எண்டுவினம். எப்பிடிப் போகும் எண்டு கேட்டால் பதில் இல்லை. கோச் சொன்னவர். கோச்சுக்கு அவற்ர கோச் சொன்னவர்.

இந்த ரெண்டு விதியையும் எல்லா உடம்புக்கும் ஒரே அச்சில் திணிப்பது பிழை. கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: முழங்கால் நோகுது எண்டு ஜிம்மை விட்ட பல பேருக்குப் பிரச்சினை அவர்களை நிற்க வைத்த விதத்தில் இருந்தது. பழியை மட்டும் முழங்காலில் போட்டுவிட்டோம்.

என்னோடு படிக்கும் ஒருத்தி போன ஜிம்மில், ஸ்குவாட் செய்யும் இடத்தில் மஞ்சள் ரேப்பால் நிலத்தில் ரெண்டு பாதம் ஒட்டியிருந்தது. ரெண்டும் சமாந்தரம். இடைவெளி ஒரு சாண் வரும். அஞ்சடி இருக்கிறவையும் அதிலதான் நிக்கோணும், அஞ்சரை அடியைத் தாண்டினவையும் அதிலதான் நிக்கோணும். இவள் நல்ல உயரம், தொடை நீளம். மூன்றாம் கிழமை முழங்கால் சிரட்டைக்குக் கீழே நோவு தொடங்கியது. காலைக் கொஞ்சம் அகட்டி, விரலை வெளிப்பக்கம் திருப்பி நிண்டால் நோகேல்லை என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். "அது பிழையான ஃபோர்ம், ரேப்பில நில்லுங்கோ" என்று பதில் வந்தது. நோவு கூடினதும், "தங்கச்சி, உங்களுக்கு முழங்கால் வீக். ட்ரெட்மில்லில மட்டும் நடவுங்கோ" என்று தீர்ப்பு. அவள் இப்ப ஜிம்முக்குப் போறேல்லை. அதைவிடக் கொடுமை, இருபத்திரெண்டு வயதில் தன் முழங்கால் பலவீனமானது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். பீடத்தில் மூன்றாம் மாடிக்குப் படி ஏறேக்கயும் கைப்பிடியைப் பிடிச்சுத்தான் ஏறுகிறாள்.

இனி எலும்புக்கு வருவம். "ஆர்ட்ஸ் படிக்கிற உமக்கு எலும்பைப் பற்றி என்ன தெரியும்" எண்டு கேக்கப் போறியள். உங்கட காலைக் குனிஞ்சு பாத்தாலே காணும். வளவுக்குள்ள சும்மா ஒருக்கா நடந்து வாங்கோ. பெரும்பாலானவர்களின் பாதம் நடக்கும்போது 5 முதல் 10 பாகை வரை வெளிப்பக்கம் திரும்பித்தான் இருக்கும். காலில் உள்ள எலும்புகள் நேரான தடிகள் இல்லை. தொடை எலும்பு தன் அச்சிலேயே முறுகியது, கீழ்க்கால் எலும்பும் அப்படித்தான். தொடை எலும்பின் கழுத்து, அதாவது இடுப்புக் குழிக்குள் போகும் பகுதி, முன்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. பிறக்கும்போது அந்த முறுக்கு 30, 40 பாகை வரை இருக்கும். வளர்ந்தவர்களில் சராசரி 15 பாகைக்குக் கிட்ட. சராசரி எண்டதைக் கவனியுங்கோ. சிலருக்கு அது மிகக் குறைவு, சிலருக்கு மிக அதிகம். குறைந்தவருக்குப் பாதம் இயல்பிலேயே வெளியே திரும்பும், கூடினவருக்கு உள்ளே திரும்பும். இடுப்புக் குழி எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் வேறு. இதெல்லாம் எலும்பின் அமைப்பு. எவ்வளவு ஸ்ட்ரெச் பண்ணினாலும் மாறாது.

கால் வெளிப்பக்கம் திரும்பின ஒருத்தியின் பாதத்தை இழுத்து நேராக வைத்து, தோளில் இருபது கிலோவை ஏற்றுங்கள். என்ன நடக்கும்? பாதம் நிலத்தில் பூட்டுப்பட்டு நிற்கும். தொடை தன் பாட்டுக்கு வெளியே போகப் பார்க்கும். நடுவில் மாட்டுப்படுவது முழங்கால். முழங்கால் கதவுப் பிணைச்சல் மாதிரி, மடங்கும், நீளும், கொஞ்சம் திரும்பும். நிறையத் திரும்பாது. மேலேயும் கீழேயும் போக இடமில்லாத முறுக்கை அதுதான் வாங்க வேண்டும். கணுக்காலும் இறுக்கம் எண்டால் இன்னும் மோசம். உள்ளங்கால் வளைவு சப்பையாகி, முழங்கால் உள்ளே சரியும்.

பாதம் நேரா எண்ட இந்தக் கண்டிப்பு எங்கேயிருந்து வந்தது எண்டு யோசிச்சால், பள்ளிக்கூட ட்ரில்தான் ஞாபகம் வருகுது. அதிலயும் ஒரு பகிடி இருக்கு. பிரித்தானிய இராணுவத்தின் அற்றென்ஷனில் குதிக்கால் ரெண்டும் சேர்ந்திருக்கும், ஆனால் பாதங்களுக்கு இடையே 30 பாகை விரிவு. ஆமிக்காரனே விரலை விரிச்சுத்தான் நிக்கிறான்.

ரெண்டாவது விதி, முழங்கால் விரலைத் தாண்டாத விதி, இதைவிட வயது போனது. 1960களின் தொடக்கத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளைன், ஆழமாகக் குந்தி எழும்பும் பளுதூக்குபவர்களின் முழங்கால் சவ்வு தளர்ந்துபோகிறது என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் அளந்து பார்த்தபோது அந்தத் தளர்வு கிடைக்கவில்லை. ஆனால் பயம் மட்டும் தங்கிவிட்டது. 2003 இல் ஆன்ட்ரூ ஃப்ரையும் அவரோடு சேர்ந்தவர்களும் வேறு விதமாக ஒரு பரிசோதனை செய்தார்கள். ஏழு பேரை ஸ்குவாட் செய்ய வைத்தார்கள், ஒருமுறை சுதந்திரமாக, ஒருமுறை முழங்கால் விரலைத் தாண்ட முடியாதபடி முன்னால் ஒரு பலகையை வைத்து. (ஏழு பேரும் ஆம்பிளையள். அது வேற கதை.) பலகை வைத்தபோது முழங்காலில் விழுந்த முறுக்கம் சுமார் 150 நியூற்றன் மீற்றரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. அதே நேரம் இடுப்பில் விழுந்தது 28 இலிருந்து 302 ஆக ஏறியது. உடம்பும் முன்னுக்குச் சரிந்தது. முழங்காலுக்கு 33ஐ மிச்சம் பிடிக்க இடுப்புக்குப் பத்து மடங்குக்கு மேல் ஏற்றியிருக்கிறோம். இந்தக் கணக்கைப் பாதுகாப்பு எண்டு எப்பிடிச் சொல்லுறது?

சரி, ஆய்வை விடுங்கோ. இ.போ.ச. பஸ்ஸின் கடைசிப் படியிலிருந்து இறங்கும்போது, மேலே நிற்கிற காலின் முழங்கால் எங்கே போகிறது எண்டு பாருங்கோ. விரலைத் தாண்டித்தான் போகும். தாண்டாமல் இறங்கவே ஏலாது. கோயிலில தோப்புக்கரணம் போடேக்க ஆரும் பாகைமானி வைச்சுப் பாக்கிறேல்லை. வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கும் அம்மாமார் குதிக்கால் நிலத்தில் பட, பாதம் வெளியே திரும்ப, முழங்கால் விரலைத் தாண்டிக் குந்தியிருக்கினம். 1890களில் லாகூரில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ஹேவ்லொக் சார்ள்ஸ் என்ற வெள்ளைக்காரர் பஞ்சாபிகளின் எலும்புகளை ஆராய்ந்தார். குந்தியிருக்கும் பழக்கத்தால் கணுக்கால் எலும்புகளில் தனியான தேய்ப்பு முகங்கள் உண்டாகியிருப்பதை எழுதி வைத்தார். அந்தப் பழக்கத்தை நாங்கள் கதிரைக்கும் கொமட்டுக்கும் கொடுத்துவிட்டு, இப்ப காசு கட்டி ஜிம்மில் திருப்பிப் பழகுகிறோம். பழக்குகிறவர் முதல் சொல்வது, குந்தாதே.

உடனே ஒருவர் வருவார்: தோட்டத்து அம்மாமாருக்கு வயசு போக முழங்கால் நோவு வாறேல்லையோ? வருகுதுதான். இளவயதில் நாளுக்கு மணித்தியாலக் கணக்கில் குந்தியிருந்த பெய்ஜிங் முதியவர்களிடம் முழங்கால் தேய்மானம் கூடுதலாக இருந்ததை 2004 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் மணித்தியாலக் கணக்கில் அசையாமல் குந்தியிருப்பதும், கிழமைக்கு ரெண்டு நாள் முப்பது நாப்பது தரம் குந்தி எழும்புவதும் ஒண்டில்லை.

இனித்தான் எனக்குக் கோபம் வாற இடம். அந்த மஞ்சள் ரேப்பில் பெடியள் நிக்கிறேல்லை. காலை அகட்டி, விரலைத் திருப்பி, தங்கட பாட்டில் நிண்டு தூக்கினம், கோச் ஒண்டும் சொல்றேல்லை. பெண்களுக்கான நேரத்தில் மட்டும் ரேப் சட்டமாகிறது. "கொஞ்சம் ஒடுக்கி வையுங்கோ தங்கச்சி." இந்த வசனம் எங்களுக்குப் புதுசில்லை. ஆறு வயதில், சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் இருக்கேக்க முதன்முதல் கேட்டது. காலை அகட்டி இருக்காதை. பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் இருக்கிறவர் ரெண்டு பேருக்குரிய இடத்தில் கால் விரிச்சிருப்பார், நாங்கள் முழங்காலை ஒட்டிக்கொண்டு ஜன்னலோடு ஒதுங்கி இருப்பம். அதையே இப்ப இருபது கிலோ பாரத்தோடு செய்யச் சொல்கிறார்கள், அதற்குச் "சரியான ஃபோர்ம்" என்று பெயரும் வைத்து.

லெக் பிரஸ்ஸில் இது இன்னும் அப்பட்டம். அந்த மெசினை ஏன் எல்லா இடத்திலும் வாசலைப் பார்த்தபடி வைக்கிறார்கள் எண்டு எனக்கு விளங்கவே இல்லை. கால் ரெண்டையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கதவு திறக்கிற ஒவ்வொரு தரமும் ஆர் வருகினம் எண்டு பாத்துக்கொண்டு, எந்தப் பெண் காலை அகட்டி வைப்பாள்? பாதங்களைச் சேர்த்து, தட்டின் அடிப்பக்கத்தில் ஒடுக்கி வைப்பாள். தட்டில் பாதம் எவ்வளவு கீழே இருக்கிறதோ, முழங்கால் அவ்வளவு கூட மடங்க வேண்டும், குதிக்காலும் தட்டை விட்டு எழும்பும். கொஞ்சம் மேலே, தோள் அகலத்துக்கு வைத்தால் பாரம் இடுப்புக்கும் பங்காகும், முழங்காலுக்கு மூச்சு வரும். இதை எல்லாக் கோச்மாரும் அறிவார்கள். பெடியளுக்குச் சொல்லியும் கொடுக்கிறார்கள். எங்களிடம் சொல்லக் கூச்சம். கோச்சின் கூச்சத்துக்கு எங்கட முழங்கால் விலை குடுக்கிறது.

"அப்ப ஒரு விதியும் இல்லையோ, அவையவை விரும்பின மாதிரி நிக்கலாமோ?" இல்லை. முழங்கால், விரல் பார்க்கும் திசையில் மடங்க வேண்டும், உள்ளே சரியக் கூடாது. குதிக்கால் எழும்பக் கூடாது. இந்த ரெண்டையும் நானும் விடமாட்டேன். இவற்றைக் காப்பாற்றும் இடத்தில் பாதம் எங்கே வருகிறதோ, அதுதான் உங்கட இடம். அது 10 பாகையாக இருக்கலாம், 30 ஆகவும் இருக்கலாம், சிலருக்கு உண்மையிலேயே நேராகவும் இருக்கலாம். வலது பாதம் இடதைவிடக் கொஞ்சம் கூடத் திரும்பினாலும் பதறத் தேவையில்லை.

கண்டுபிடிக்கிறதும் பெரிய வித்தையில்லை. பாரம் இல்லாமல் மூன்று தரம் மேலே பாய்ந்து இறங்குங்கோ, பாதம் எப்பிடி விழுந்திருக்கு எண்டு குனிஞ்சு பாருங்கோ. தொடங்க அது காணும். அங்கேயிருந்து மெல்லக் குந்துங்கோ. முழங்கால் முறுகுற மாதிரி இருந்தால் விரலைக் கொஞ்சம் திருப்புங்கோ, தொடை வயிற்றில் முட்டினால் ஒரு அங்குலம் அகட்டுங்கோ. குதிக்கால் எழும்பினால் அடியில் ஒரு மெல்லிய தட்டை வையுங்கோ. பளுதூக்கும் வீரர்களின் சப்பாத்துக்குக் குதி உயர்ந்திருப்பதும் இதுக்குத்தான். ஸ்மித் மெசினில் தண்டு தண்டவாளத்தில் ஓடுகிறது, உங்களோடு வளையாது, ஆகவே பாதத்தை அரையடி முன்னுக்கு வைத்துப் பாருங்கோ. முழங்கால் வீங்கினால், பூட்டுப்பட்டால், நடக்கேக்க மடங்கி விழுந்தால் மட்டும் இந்தக் கதையெல்லாம் வேண்டாம், டொக்டரிடம் போங்கோ.

கோச் அண்ணாமாருக்கு ஒரு வார்த்தை. ஒரு பிள்ளை வந்து நோகுது எண்டால் "வீக்" எண்டு முத்திரை குத்த முதல் ரெண்டு கேள்வி கேளுங்கோ. எந்த இடத்தில நோகுது? காலை எப்பிடி வைச்சால் நோகேல்லை? என்னுடைய சிநேகிதி ரெண்டாவது கேள்விக்குரிய பதிலோடுதான் வந்தாள். கேட்க ஆள் இருக்கவில்லை.

அந்த ரேப்பை உரிச்சு எடுக்க அஞ்சு நிமிசம் காணும். லெக் பிரஸ்ஸைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்க நாலு பேர் வேணும். நாங்கள் வாறம்.