நகர்மன்றக் கூட்டத்துக்கு யார் போவது?

லாஸ் ஏஞ்சலஸுக்குத் தென்கிழக்கே பெல் என்று ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை 35,000 சொச்சம். பெரும்பாலும் லத்தீன் அமெரிக்காவிலிருந்து பிழைக்க வந்த கூலிக் குடும்பங்கள். 2010 ஜூலையில் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ அந்த ஊர் நிர்வாகி ராபர்ட் ரிஸ்ஸோவின் சம்பளத்தை அச்சில் ஏற்றியது: ஆண்டுக்கு 7,87,637 டாலர். அப்போது அதிபர் ஒபாமா வாங்கியதே 4 லட்சம் டாலர்தான். போலீஸ் தலைவருக்கு 4,57,000. பகுதி நேரப் பதவியில் இருந்த ஐந்து கவுன்சிலர்களில் நான்கு பேருக்கு, ஆளுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம். இத்தனைக்கும் படி அளந்த ஏழை ஜனங்கள், பெவர்லி ஹில்ஸ் கோடீஸ்வரர்களைவிட அதிக விகிதத்தில் சொத்து வரி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வழி திறந்தது 2005இல். நகரத்தின் சாசனத்தை மாற்ற ஒரு சிறப்பு வாக்கெடுப்பு நடந்தது. வந்து ஓட்டுப் போட்டவர்கள் 400 பேருக்கும் குறைவு. கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த வரம்பு அதோடு போயிற்று. இதைக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டு எழுத ஒரு நிருபர் அந்த ஊரில் இல்லை. விஷயத்தைக் கண்டுபிடித்த ஜெஃப் காட்லீபும் ரூபன் விவெஸும்கூட, பக்கத்து ஊரான மேவுட்டின் சிக்கலை விசாரிக்கப் போனவர்கள்தாம். அவர்கள் நாளிதழுக்கு 2011இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ரிஸ்ஸோவுக்கு 2014இல் 12 ஆண்டுச் சிறை.

அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருமானம் 2005இல் 4,900 கோடி டாலரை ஒட்டி இருந்தது. 2020இல் 1,000 கோடிக்கும் கீழே. வாடகைக்கு வீடு, வேலைக்கு ஆள், விற்பனைக்குப் பழைய கார் என்ற வரி விளம்பரங்களை ‘கிரெய்க்ஸ்லிஸ்ட்’ போன்ற இணையதளங்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. பழைய கார் விற்றவர் கொடுத்த காசில்தான் நகர்மன்ற நிருபருக்குச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது என்பது, அந்தக் காசு நின்ற பிறகே பலருக்கும் உறைத்தது.

‘நியூயார்க் டைம்ஸ்’ சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்களே என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். அந்தச் சந்தாவில் பெல் மாதிரி ஊர்களுக்கு நிருபர் போகப்போவதில்லை.

தமிழ்நாட்டில் கதை வேறு மாதிரி. இங்கே டீக்கடை பெஞ்சில் பேப்பர் இன்னும் கைமாறுகிறது. ஆனால் மாவட்டப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். சிலைக்கு மாலை, நலத்திட்ட உதவி, வரிசையாகப் பெயர் போட்ட குரூப் போட்டோ. நகர்மன்றக் கூட்டம் என்றால் ‘காரசார விவாதம்’, ‘வெளிநடப்பு’. பாதாளச் சாக்கடை டெண்டர் எத்தனை லட்சம், யாருக்குப் போனது, எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்ற மூன்று வரிகளைத் தேடினாலும் கிடைப்பது அபூர்வம்.

நிருபரைக் குறை சொல்லிப் பயனில்லை. தாலுகா அளவில் பலர் பகுதி நேரக்காரர்கள். கைக்கு வருவது சொற்பம்; விளம்பரம் பிடித்தால் கமிஷன் உண்டு. சேர்மன் பிறந்தநாளுக்கு அரைப் பக்க வாழ்த்து விளம்பரம் கேட்டு நின்றவர், அடுத்த வாரம் அதே சேர்மனின் டெண்டரைப் பற்றி எப்படி எழுதுவார்? பேப்பருக்குப் பதிலாக உள்ளூர் யூடியூப் சேனல் வந்தாலும் அதே சேர்மனிடம்தான் அதே விளம்பரம் கேட்க வேண்டியிருக்கிறது.

வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு. 2005இல் சன் குழுமம் ‘தினகரன்’ நாளிதழை வாங்கி ஒரு ரூபாய்க்கு விற்றபோது, மலிவு என்று மகிழாதவர்கள் குறைவு. காகிதச் செலவுக்கே கட்டாத அந்த விலையின் மீதியை விளம்பரதாரர் கொடுத்தார். கொடுத்தவருக்குச் செய்தியில் செல்லம் கிடைப்பதும் தொடர்ந்தது.

அச்சா, செல்போனா என்ற பட்டிமன்றத்தைக் கொஞ்சம் ஒத்திவைக்கலாம். விளம்பரம் பிடிக்கும் வேலையை நிருபர் தலையிலிருந்து இறக்குவதும், மாவட்டத்துக்கு ஒருவரையாவது முழுச் சம்பளத்தில் அமர்த்தி உள்ளாட்சிக் கணக்குகளை மட்டும் படிக்க விடுவதும் நாளிதழ் முதலாளிகள் இன்றைக்கே செய்யக்கூடியவை. அதற்காக விலை ஒரு ரூபாய் ஏறினால் ஏறட்டும்.